38 நிமிடமா, 51 நிமிடமா? க்ளென் கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க் பதிவுகள்

கனடாவின் பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் என்று பேச்செடுத்தால் போதும், கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 1955 கட்சி, 1981 கட்சி. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ்-இன் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் ஸ்டுடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். முதல் பதிவு 38 நிமிடம் சொச்சம், இரண்டாவது 51 நிமிடம் சொச்சம். அதே ஆள், அதே இசை, அதே நியூயார்க் 30ஆம் தெரு ஸ்டுடியோ, ஆனால் கிட்டத்தட்ட 13 நிமிட வித்தியாசம். இந்த 13 நிமிடத்தை வைத்து நாற்பது வருடத்துக்கும் மேலாக விவாதம் ஓய்ந்தபாடில்லை. இரண்டு பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து 2002-இல் சோனி வெளியிட்ட ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ என்ற மூன்று சிடி தொகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதைப் பற்றி எழுதும்போது இந்த வேகப் பிரச்சினையைத் தொடாமல் போகவே முடியாது, ஏனென்றால் இந்தத் தொகுப்பை வாங்குகிற பெரும்பாலானவர்கள் ‘எது சரியான வேகம்’ என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்குகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1955 வேகமானது, 1981 மெதுவானது என்ற பேச்சு பாதிக்கு மேல் தவறு. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சு அது, காதால் கேட்டுச் சொல்வதில்லை. இன்னும் சொன்னால் கடிகாரத்தைக்கூட யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இந்த இசையை இதுவரை கேட்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1741-இல் நியூரம்பெர்க்கில் அச்சானது. பியானோவுக்கு முந்தைய கருவியான ஹார்ப்சிகார்டில், இரண்டு அடுக்கு விசைப்பலகை உள்ள வகைக்கு எழுதியது. முதலில் 32 பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு ஆரியா, அதாவது பாட்டு போன்ற ஒரு துண்டு, பிறகு 30 வேரியேஷன், கடைசியில் மறுபடி அதே ஆரியா. வேரியேஷன் என்றால் மேலே வரும் மெட்டை மாற்றி மாற்றி வாசிப்பது என்று நினைத்துக் கேட்டால் குழம்பிவிடுவீர்கள், மெட்டு ஆரியாவோடு மறைந்துவிடும், நிலைத்து நிற்பது கீழே இடது கையில் ஓடும் பாஸ் வரியும் அதன் மேல் எழும் ஸ்வரக் கட்டுமானமும்தான். 27 வரை ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் ஒரு கானன், அதாவது ஒரு குரல் (தனி இசை வரி) தொடங்கியதை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் அப்படியே பின்தொடரும். 3ஆவதில் இரண்டு குரலும் ஒரே ஸ்வரத்தில் தொடங்கும், 6ஆவதில் ஒரு படி தள்ளி, இப்படியே 27ஆவதில் ஒன்பதாம் ஸ்வர இடைவெளி வரை போகும். 15, 21, 25 மூன்றும் மட்டும் துயரச் சாயல் கொண்ட ஜி மைனரில், மற்றதெல்லாம் ஜி மேஜர். ஒவ்வொரு வேரியேஷனும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் திருப்பி வாசிக்கலாம் என்று பாஹ் குறி போட்டிருக்கிறார்.

இந்தத் திருப்பி வாசிக்கும் குறியில்தான் மேலே சொன்ன 13 நிமிடத்தின் ரகசியம் இருக்கிறது. 1955-இல் கூல்ட் எதையுமே திருப்பி வாசிக்கவில்லை. 1981-இல் 13 வேரியேஷன்களில் முதல் பாதியை மட்டும் திருப்பி வாசிக்கிறார்: ஒன்பது கானன்கள், கூடவே 4, 10, 22, 30. ஆக இந்த 13-இலும் அவர் வாசிப்பது இரண்டு பாதி அல்ல, மூன்று பாதி. சிடி உறையில் போட்டிருக்கும் நேரத்தை வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கழிப்பதே இல்லை. கழித்துப் பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு நொடி மாறும், இருந்தாலும் திருப்பி வாசித்ததற்கு மட்டுமே கிட்டத்தட்ட ஏழு நிமிடம் போகிறது. தொடக்க ஆரியா, இறுதி ஆரியா இரண்டும் சேர்ந்து இன்னும் இரண்டே முக்கால் நிமிடம். மீதி இருப்பது மூன்று நிமிடம் சொச்சம்தான், அது முப்பது வேரியேஷனுக்கும் சேர்த்து, அதிலும் ஒரு நிமிடத்தை 15ஆவது ஒன்றே எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் மற்றவை? 5ஆவது வேரியேஷனை எடுத்துக்கொள்ளுங்கள், கைகள் ஒன்றின் மேல் ஒன்று தாவித் தாவிப் போகும் துண்டு அது, 1955-இலும் 37 நொடி, 1981-இலும் 37 நொடி. 11, 17, 20, 26 இவற்றிலும் ஒரு நொடி, இரண்டு நொடிதான் முன்பின். 10ஆவதிலும் 22ஆவதிலும் திருப்பி வாசித்ததைக் கழித்தால் வேகம் அநேகமாக ஒன்றுதான். 18ஆவதும் 28ஆவதும் 1981-இல் இன்னும் சற்று விரைவு. எனக்கு ரொம்பவும் ஆச்சரியமாக இருந்தது மைனர் வேரியேஷன்கள். துயரமான இடங்கள் ஆயிற்றே, ‘முதிர்ந்த’ கூல்ட் இங்கேதான் நிதானமாக வாசித்திருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். மூன்றில் இரண்டை அவர் முன்பைவிட வேகமாக வாசித்திருக்கிறார். 25ஆவது வேரியேஷன் 1955-இல் 6 நிமிடம் 28 நொடி, 1981-இல் 6 நிமிடம் 3 நொடி. இரண்டிலுமே திருப்பி வாசிக்கவில்லை, எனவே நேரடியாகவே ஒப்பிடலாம். 22 வயதுப் பையன் 48 வயது ஆளைவிட மெதுவாக வாசித்திருக்கிறான்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் பலர் இந்த இரண்டு பதிவுகளையும் ஒரு வாழ்க்கைக் கதையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். இளமையின் துள்ளல், முதுமையின் விடைபெறல் என்று. 1982 செப்டம்பர் கடைசியில் இரண்டாவது பதிவு கடைக்கு வந்தது, அக்டோபர் 4-ஆம் தேதி கூல்ட் பக்கவாதத்தால் இறந்துபோனார், 50 வயது முடிந்து சில நாட்கள்தான். அந்த இரண்டு தேதிகளும் அருகருகே விழுந்ததால் கடைசி ஆரியாவைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அது பிரியாவிடையாகவே கேட்கிறது. ஆனால் 1981 வசந்த காலத்தில் அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்தபோது சாகப் போகிற மனிதராக உட்காரவில்லை. அடுத்து இசைக்குழு நடத்துநராக மாற வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தார், 1982 கோடையில் வாக்னரின் சீக்ஃப்ரீட் ஐடில் என்ற இசைக்குழுப் படைப்பைத் தானே நடத்திப் பதிவும் செய்தார். அதுவும் வழக்கத்தைவிட மிக மெதுவானது. ஆக அந்த மெதுவோட்டம் அந்தக் காலத்தில் அவருக்குப் பிடித்த இசை ரசனை. அதில் மரணத்தைத் தேடிக் கேட்பவர்கள் வாசிப்பைக் கேட்காமல் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, ஆரியாவுக்கு வருவோம், ஏனென்றால் வேகம் உண்மையிலேயே மாறியிருப்பது இங்கேதான். மூன்று அடி கொண்ட 32 பார், அதாவது மொத்தம் 96 அடி. 1955-இல் 1 நிமிடம் 53 நொடியில் முடிகிறது, அடிக்கு ஒரு நொடியும் கொஞ்சமும். 1981-இல் 3 நிமிடம் 5 நொடி, அடிக்கு ஏறக்குறைய இரண்டு நொடி. இரண்டு நொடிக்கு ஒரு அடி என்பது எவ்வளவு அபாயமான வேகம் என்பதை மேசையில் விரலால் தட்டிப் பார்த்தால் தெரியும். அடிக்கும் அடிக்கும் நடுவே மனம் வேறெங்காவது போய்விட்டுத் திரும்பலாம். பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அந்தக் கணத்திலிருந்தே அது தேய ஆரம்பிக்கும், அதிலும் கூல்ட் பெடலை அநேகமாகத் தொடாமல், ஸ்வரங்களை ஒட்டாமல் தனித்தனியாக வாசிக்கிற ஆள். அப்படியிருந்தும் 1981 ஆரியா எங்கேயும் அறுந்து தொங்கவில்லை. எப்படி? இடது கையைக் கவனியுங்கள். மேலே அலங்காரங்கள் ஆற அமர விரிந்துகொண்டிருக்க, கீழே பாஸ் ஸ்வரங்கள் துளியும் தளராமல், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து விழுகின்றன. உணர்ச்சிக்காக எந்த ஸ்வரத்தையும் அவர் இழுக்கவில்லை. மெதுவான வாசிப்பில் பெரும்பாலானவர்கள் செய்வது அந்த இழுப்பைத்தான், வாக்கிய முடிவு வந்தால் சற்று நின்று, மூச்சுவிட்டு, கேட்பவரைப் பார்த்து ‘அழகாக இருக்கிறதல்லவா’ என்று கேட்பதுபோல வாசிப்பார்கள். கூல்ட் அதைச் செய்யாததால்தான் இரண்டு நொடி அடியும் நடையாகவே இருக்கிறது.

ஆரியா முடிந்து முதல் வேரியேஷன் தொடங்கும் இடம் இரண்டு பதிவுகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தைக் காட்டிவிடும். 1955-இல் அது 45 நொடி, ஸ்பிரிங்கை அமுக்கி விட்டாற்போல ஒரு பாய்ச்சல், கேட்டவுடனே சிரிப்பு வரும் அளவுக்கு உற்சாகம். 1981-இல் 70 நொடி, அந்த மென்மையான ஆரியாவிலிருந்து திடீரென்று உரத்த, கறாரான ஒரு நடை. முதன்முறை கேட்பவர்கள் பலருக்கு அது திடுக்கிடலாக இருக்கும், ஏன் இவ்வளவு முரட்டுத்தனம் என்று தோன்றும். எனக்கும் இன்றுவரை அந்தத் தொடக்கம் கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது, முதல் வேரியேஷனைப் பொறுத்தவரை 1955 பக்கம்தான் என் ஓட்டு.

ஆனால் 1981 பதிவு தனித்தனி வேரியேஷனாக மதிப்பெண் போடுவதற்கான பதிவு அல்ல. கூல்டின் மனதில் இருந்த யோசனையே வேறு. தொகுப்பின் மூன்றாவது சிடியில் இசை விமர்சகர் டிம் பேஜுடன் 1982-இல் அவர் நடத்திய உரையாடல் இருக்கிறது, அதில் அவரே விளக்குகிறார்: முப்பது துண்டுகளும் முப்பது தனி வேகத்தில் போனால் அது ஒரு கோவையே தவிர ஒரு படைப்பு ஆகாது, எனவே எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத் துடிப்பு ஓட வேண்டும், ஒரு வேரியேஷனின் துடிப்புக்கும் அடுத்ததின் துடிப்புக்கும் எளிய கணக்கில் உறவு இருக்க வேண்டும் என்று. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். பல்லவியில் தாளம் அப்படியே நிற்க, வரி மட்டும் இரண்டாம் காலத்துக்கும் திஸ்ரத்துக்கும் போகிறதே, அந்த மாதிரி. ஸ்வரங்கள் அடர்த்தியாகின்றன, காலப்பிரமாணம் அசைவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு 1981-ஐக் கேட்டால் ஒரு வேரியேஷன் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நூலிழை இடைவெளியெல்லாம் கணக்காக வைக்கப்பட்டிருப்பது புரியும். சில இடங்களில் இடைவெளியே கிடையாது, முந்தையதின் கடைசி அடி மேலேயே அடுத்தது ஏறி உட்கார்ந்துவிடும். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், கை தானாக அடுத்த வேரியேஷனுக்குள் போய்விடும். 1955-இல் இது நடக்காது. அங்கே ஒவ்வொரு துண்டும் தன்னளவில் மின்னுகிறது, பிறகு நிற்கிறது, அடுத்தது புதிதாகத் தொடங்குகிறது.

அந்த உரையாடலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். அது இயல்பான பேச்சு அல்ல, பெரும்பகுதி கூல்ட் முன்கூட்டியே எழுதி வைத்து இருவரும் வாசித்தது. கேட்கும்போது அது தெரிகிறது, சிரிப்புகள்கூட எழுதி வைத்த இடத்தில் வருவதுபோல் இருக்கின்றன. விஷயம் கனமானது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். அதே சிடியில் 1955 அமர்வுகளின் மிச்சத் துணுக்குகளும் உண்டு.

இப்போது 25ஆவது வேரியேஷன். ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா இதற்குக் கறுப்பு முத்து என்று பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மொத்தக் கோவையின் நெஞ்சு இது. மேல் வரி அரை அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே போகும், எங்கே வந்து நிற்கிறோம் என்று காது தடுமாறும். பாஹ் அச்சுப் பிரதியில் வேகத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமே எழுதவில்லை, 15ஆவதுக்கு ஆண்டாந்தே (மிதமான நடை), 22ஆவதுக்கு அல்லா பிரேவே (பாருக்கு இரண்டு அடி எண்ணும் நடை), அவ்வளவுதான். 1970-களின் நடுவில் ஸ்ட்ராஸ்பூர்கில் பாஹ் தன்னிடமே வைத்திருந்த அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தது. அதில் அவரே பேனாவால் 25ஆவதுக்கு அடாஜியோ (மெதுவாக) என்றும் 7ஆவதுக்கு ஜீகா என்ற துள்ளல் நடனத்தின் வேகம் என்றும் சேர்த்திருந்தார். 7ஆவது வேரியேஷனை அதற்குமுன் மெதுவான சிசிலியானோ நடனமாக வாசித்துப் பழகியவர்கள் எல்லாரும் யோசிக்க வேண்டியதாயிற்று. 1955-இல் கூல்டுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் 25ஆவதை அடாஜியோவுக்கும் மெதுவாகத்தான் வாசித்தார்.

பின்னாளில் அந்த வாசிப்பு அவருக்கே பிடிக்காமல் போனது. பாஹ்-இல் ஷோபின் (உணர்ச்சி ததும்பும் பியானோ இசைக்குப் பேர்போன இசையமைப்பாளர்) எட்டிப் பார்க்கிறார், துயரத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறேன் என்ற தோரணையில் பேஜ் உரையாடலில் தன் பழைய பதிவையே குறை சொல்கிறார். 1981-இல் அந்தப் பியானோக் குழைவு முழுக்க நீங்கிவிட்டது. சீரான நடை, கீழ்க் குரல்கள் இரண்டும் மேல் குரலுக்குச் சமமாகக் கேட்கின்றன, துயரம் இருக்கிறது, ஆனால் யாரிடமும் முறையிடவில்லை. கூல்ட் என்னதான் சொன்னாலும் இதில் நான் அவரோடு உடன்படவில்லை. 1955-இன் 25ஆவது வேரியேஷன் இந்தத் தொகுப்பிலேயே மிக உயர்ந்த ஆறரை நிமிடம் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால் 24 வேரியேஷன்கள் சிட்டாகப் பறந்து போயிருக்கின்றன, திடீரென்று தரை விலகிவிடுகிறது. 38 நிமிடத்தில் ஆறரை நிமிடம் என்பது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதைக் கொண்டுபோய் இந்த ஒரே இடத்தில் செலவழித்திருக்கிறார். வேகமான பதிவு என்று பெயர் வாங்கிய பதிவுக்குள் இப்படி ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்று யாரும் சொல்வதே இல்லை.

1955 பதிவை வெறும் வித்தை காட்டல் என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்கு விசைப்பலகைக்காக எழுதிய துண்டுகளை ஒரே விசைப்பலகை உள்ள பியானோவில் வாசிக்கும்போது இரண்டு கைகளும் ஒரே இடத்தில் வந்து மோதிக்கொள்ளும், ஒரு கை அழுத்தி எடுத்த கட்டையை மறு கை அடுத்த கணமே அழுத்த வேண்டியிருக்கும். 14, 20, 23 போன்றவற்றில் இது இடைவிடாமல் நடக்கும். அந்த வேகத்திலும் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, ஒன்றோடொன்று கலங்கவே இல்லை. விரல் வேகம் மட்டும் உள்ளவர்களிடம் இது வராது, உள்ளே எல்லாக் குரலையும் தனித்தனியாகப் பாடிக்கொண்டு வாசிக்கிறவரிடம்தான் வரும். பாடுவது என்றது பேச்சுக்குச் சொன்னதல்ல, இரண்டு பதிவுகளிலும் அவர் முனகுவது நன்றாகவே கேட்கும். அது சிலருக்கு எரிச்சல். ஹெட்போனில் கேட்டால் எரிச்சல் கூடுதல், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இதை வாசித்த மற்றப் பியானோக் கலைஞர்களையும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் கூல்டையே அளவுகோலாக வைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். எல்லாவற்றையும் திருப்பி வாசித்தால் இந்தப் படைப்பு 70 நிமிடத்தைத் தாண்டும், மர்ரே பெரையா 2000-இல் வெளியிட்டதும் ஆந்திராஷ் ஷிஃப் 2001-இல் பாசெலில் மேடையில் வாசித்ததும் அப்படித்தான். ஷிஃப் இரண்டாம் முறை வாசிக்கும்போது அலங்காரங்களை மாற்றுகிறார், எங்கே என்ன புதிதாக வரும் என்று காத்திருக்க வைக்கிறார், திருப்பி வாசிப்பதற்கு அர்த்தம் என்ன என்று தெரிய வேண்டுமானால் அதைக் கேளுங்கள். பெரையாவிடம் எல்லாமே பாட்டாக இருக்கும், கரடுமுரடே கிடையாது. வில்ஹெம் கெம்ப்ஃப் 1969 பதிவில் ஆரியாவின் அலங்காரங்களை அநேகமாகக் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக வாசிக்கிறார், கேட்கும்போது அந்த மெட்டு அத்தனை எளிமையானதா என்று வியப்பாக இருக்கும். வீகிங்குர் ஓலாஃப்சன் 2023-இல் வெளியிட்டார், வேகமான வேரியேஷன்களில் கூல்ட் 1955-இன் பிள்ளை, மெதுவானவற்றில் முற்றிலும் வேறு ஆள்.

அதிகமாகச் சர்ச்சையானது லாங் லாங் 2020-இல் வெளியிட்டது. ஸ்டுடியோப் பதிவு ஒன்று, லைப்ஸிக்கில் பாஹ் வேலை பார்த்த தாமஸ் தேவாலயத்தில் வாசித்தது ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வெளியிட்டார். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போகிறது, 25ஆவது வேரியேஷன் மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல். இதைப் பற்றிக் கேட்பவர்கள் சொன்னதில் பாதி ‘ரொம்ப மெதுவு’ என்பதுதான். ஆனால் நேரம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை, பத்து நிமிடம் அல்ல, பதினைந்து நிமிடம் ஆனாலும் கேட்கத் தயார். தொந்தரவு செய்வது ஒரு வாக்கியத்துக்குள்ளேயே அடி நீண்டு, சுருங்கி, மறுபடி நீள்வது. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாதபோது கேட்பவருக்குப் பத்து நிமிடமும் பத்து நிமிடமாகவே தெரிகிறது. கூல்டின் 1981 ஆரியா இழுவையாகத் தோன்றாததற்குக் காரணம் அதில் அடி இப்படி நீண்டு சுருங்காததே. இதைச் சொல்லும்போதே, லாங் லாங்கிடம் ஒரு ஸ்வரத்தின் நிறத்தை மாற்றும் திறமை இருக்கிறது, அதில் கூல்ட் பக்கத்தில்கூட வர மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேகத்துக்காக மேடையிலேயே சர்ச்சை கிளம்பிய கதையும் கூல்டுடையதுதான். 1962 ஏப்ரலில் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). வாசிப்பு தொடங்குவதற்கு முன் நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ரசிகர்களைப் பார்த்து, கூல்டின் மெதுவான அணுகுமுறையோடு தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டியது என்று நினைப்பதால் நடத்துகிறேன் என்கிற பொருளில் பேசினார். பத்திரிகைகள் கூல்டைக் கிழித்தெடுத்தன. அந்த ஒலிப்பதிவு இப்போது சிடியாகவே கிடைக்கிறது. இன்றைக்குக் கேட்டால் அவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்றுதான் தோன்றும், பிற்காலத்தில் வேறு பலரும் ஏறக்குறைய அந்த வேகத்தில் வாசித்திருக்கிறார்கள்.

இனி தொகுப்பின் ஒலி. 1955 மோனோ, வறண்ட ஒலி, மைக் பியானோவுக்கு ரொம்ப நெருக்கம், அந்த வாசிப்புக்கு அது பொருந்தவே செய்கிறது. 1981-இல் கூல்ட் பழைய ஸ்டைன்வேயை விட்டு யமஹா பியானோவுக்கு மாறியிருந்தார். அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் முறையில் பதிவானது, அந்தக் காலத்து வெளியீடுகளில் உரத்த இடங்கள் கண்ணாடிபோலக் காதில் குத்தும். இந்த 2002 தொகுப்புக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், பதிவின்போது பாதுகாப்புக்காகக் கூடவே ஓடவிட்ட அனலாக் டேப்புகளை எடுத்துப் புதிதாகக் கலந்திருக்கிறார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது, பாஸுக்கு உடம்பு வந்திருக்கிறது, மேல் ஸ்வரங்களின் குத்தல் குறைந்திருக்கிறது. முதல் வேரியேஷனின் முரட்டுத்தனம்கூட இதில் கொஞ்சம் தணிந்துதான் கேட்கிறது. ஏற்கெனவே 1981-இன் பழைய சிடி வைத்திருப்பவர்களும் இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

போனில் இசை ஆப் வழியாகக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1981 பதிவில் இடைவெளிகளே இசையின் பகுதி என்று சொன்னேன் அல்லவா, ஆப்பின் அமைப்பில் பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி வராதபடி வையுங்கள், ஒரு பாட்டு தேய்ந்து அடுத்தது கலக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், கலைத்துப் போட்டுக் கேட்கும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். இல்லாவிட்டால் அவர் பாடுபட்டுக் கட்டிய துடிப்பு ஒவ்வொரு டிராக்கிலும் அறுபடும், நீங்களும் 1981 மெதுவாக, தொடர்பில்லாமல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இன்னொன்று, 1955 என்று தேடினால் 2007-இல் வந்த ஒரு பதிவும் வரும், பழைய ஒலிப்பதிவைக் கணினியால் அலசி, தானாக வாசிக்கும் யமஹா பியானோவில் மறுபடி வாசிக்க வைத்து ஸ்டீரியோவில் எடுத்தது. சுவாரஸ்யமான முயற்சிதான், ஆனால் முதன்முறை கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். 2017-இல் வந்த ஏழு சிடி பெட்டியில் 1955 அமர்வுகளின் எல்லா டேக்குகளும் (ஒவ்வொரு முறை வாசித்த பதிவும்) இருக்கின்றன, அது முழுக்க முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு.

யாருக்கு எது? பாஹ் பக்கமே போகாதவராக இருந்தால் 1955-இலிருந்து தொடங்குங்கள், 38 நிமிடம் போனதே தெரியாது, 25ஆவது வந்ததும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். ஏற்கெனவே வேறு பியானோக் கலைஞர்களிடம் கோல்ட்பெர்க் கேட்டுப் பழகியவர்கள் நேராக 1981-க்குப் போகலாம், ஆனால் அதைத் துண்டு துண்டாகக் கேட்டால் பயனில்லை, 51 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்க நேரம் ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் 1981-ஐ வைத்துக்கொள்வேன், அந்த 25ஆவது வேரியேஷனை விட்டுக்கொடுப்பது கஷ்டமாக இருந்தாலும். பியானோவின் குழைவும் மிதப்பும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுமே ஒத்துவராது, அவர்கள் பெரையாவை வாங்கிக்கொள்வது நல்லது.